ஐந்து பென்னி ஸ்டாம்பு

1912ஆம் ஆண்டு ஜூலை 15, திங்கட்கிழமை. பிரிட்டனின் கப்பல் கட்டும் தளங்களிலும் இரும்புப் பட்டறைகளிலும் அன்று ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஒரு சிறு புத்தகம். வாரம் ஒன்றுக்கு ஐந்து பென்னி ஸ்டாம்பு ஒன்றை முதலாளி அதில் ஒட்ட வேண்டும். அதில் இரண்டரை பென்னி தொழிலாளியின் கூலியில் பிடித்தம்; மீதி இரண்டரை முதலாளியின் பணம். இரண்டும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு தன் கஜானாவிலிருந்து கூடுதலாகப் போட்டது. வேலை போனால் இந்த நிதியிலிருந்து வாரம் ஏழு ஷில்லிங் கிடைக்கும். நாடு தழுவிய கட்டாய வேலை இழப்புக் காப்பீடு உலகில் முதன்முதலாகப் பிறந்தது இப்படித்தான்.

அதற்கு முன்னால் வேலை போனவர் என்ன செய்தார்? சேர்த்து வைத்ததைச் சாப்பிட்டார். பிறகு வீட்டுச் சாமான் அடகுக்கடைக்குப் போனது. அதுவும் தீர்ந்தபின் மிஞ்சியது ஏழைகள் சட்டம். 1834இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின் நோக்கமே, உதவி கேட்டு வருவதற்கு ஆட்கள் கூச வேண்டும் என்பது. உடல் வலுவுள்ளவர் உதவி கேட்டால் 'வொர்க்ஹவுஸ்' என்ற விடுதிக்குள் போக வேண்டியிருந்தது. அங்கே கல் உடைக்க வேண்டும். தார் ஏறிய பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்து நாராக்க வேண்டும். வெளியே வரும்போது வாக்குரிமையும் பறிபோயிருக்கும். வேலை இல்லாதவரைக் குற்றவாளியாகப் பார்த்த காலம் அது.

அந்த அவமானத்திலிருந்து முதலில் தப்ப வழி கண்டவர்கள் தொழிலாளர்களே. 1851இல் உருவான பொறியியல் தொழிலாளர் சங்கம், உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து வேலை இழந்தவருக்கு வாரப்பணம் கொடுத்தது. வேலை இல்லாதவர் சங்கக் கிளைக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். எந்தப் பட்டறையில் ஆள் தேவை என்பது சக உறுப்பினர்களுக்குத் தெரியும். யார் உண்மையில் வேலை தேடுகிறார் என்பதும் தெரியும். ஏமாற்ற வழியில்லை, சந்தேகிக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சந்தாவைக் கட்டும் அளவுக்குச் சம்பாதித்தவர்கள் தேர்ந்த கைவினைஞர்கள் மட்டுமே. மூட்டை தூக்கியவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

சரி, ஊரே சேர்ந்து நடத்தினால்? ஸ்விட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரம் 1895இல் அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. பனிக்காலம் வந்தால் கட்டட வேலை நின்றுவிடும். கொத்தனார்களே பணத்தைப் பெருமளவு வாங்கினார்கள். நிரந்தர வேலையில் இருந்தவர்களோ, 'நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் வாங்குகிறார்கள்' என்று முணுமுணுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் திட்டத்தை மூடினார்கள். சின்ன ஊர் ஒன்றால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது, பல தொழில்களிலும் பல ஊர்களிலும் அதைப் பரப்ப வேண்டும் என்பதே அந்தத் தோல்வி கற்றுத்தந்த பாடம்.

அந்தப் பாடத்தைப் படித்தவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியில் டாயின்பீ ஹால் என்ற சமூக மையத்தில் பணியாற்றிய இளைஞர். லண்டன் துறைமுக வாயிலில் தினமும் காலையில் கூட்டம் கூடும். கங்காணி கை காட்டும் சிலருக்கு அன்றைக்கு வேலை. மற்றவர்கள் திரும்பிப் போய், மறுநாள் அதே வாயிலுக்கு வருவார்கள். பெவரிட்ஜ் ஒன்றைக் கவனித்தார். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. தொழில் நடக்கும் விதமே எப்போதும் சிலரை வாசலில் நிறுத்தி வைக்கிறது. 1909இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பே, வேலையின்மையைத் தொழில்துறையின் பிரச்சினை என்றது. பழி மனிதர் தலையிலிருந்து இறங்கிய இடம் அதுதான்.

அப்போது வர்த்தகத் துறை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். பெவரிட்ஜைத் தன் துறைக்கு அழைத்துக்கொண்டார். துறையின் தலைமைச் செயலர் ஹியூபர்ட் லெவலின் ஸ்மித் திட்டத்தை வடிவமைத்தார். அவர்கள் முதலில் தொட்டது பணத்தை அல்ல. 1910 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் வேலைவாய்ப்பு அலுவலகங்களைத் திறந்தார்கள். காரணம் எளியது. வேலை இல்லை என்று ஒருவர் சொல்வதைச் சங்கக் கிளை தன் கண்ணால் அறிந்தது. அரசுக்கு அந்தக் கண் கிடையாது. காலியிடங்களின் பட்டியல் கையில் இருந்தால், 'இதோ வேலை, போகிறீர்களா?' என்று கேட்டே தெரிந்துகொள்ளலாம். இன்றும் பல நாடுகளில் உதவித்தொகை கேட்டுப் போகிறவரை முதலில் வேலைக்குப் பதியச் சொல்வது இதனால்தான்.

அடுத்து வந்தது பெரிய வாக்குவாதம். தன் தவறால் வேலை இழந்தவருக்கும் பணம் தரலாமா? சர்ச்சில் 1909இல் எழுதிய குறிப்பில், தரலாம் என்றார். குடித்துவிட்டு வேலையைத் தொலைத்தவரானாலும் அவர் சந்தா கட்டியிருக்கிறார். கட்டியதற்கேற்ற அளவுதான் வாங்கப் போகிறார். ஒழுக்கத்தைக் கணக்கோடு கலக்க வேண்டாம் என்பது அவர் வாதம். அதிகாரிகள் ஏற்கவில்லை. 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம், ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் தக்க காரணமின்றித் தானே வேலையை விட்டவருக்கும் ஆறு வாரம் பணம் இல்லை என்றது. 'ஏன் வேலையை விட்டீர்கள்?' என்று இன்றைக்கும் விண்ணப்பத்தில் வருகிற கேள்வி அந்த வாக்குவாதத்தின் மிச்சம்.

சட்டம் ஏழு தொழில்களை எடுத்துக்கொண்டது: கட்டடம், பொதுக் கட்டுமானம், கப்பல், இயந்திரம், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மரம் அறுத்தல். மொத்தம் சுமார் 22 லட்சம் பேர். பஞ்சாலைகளில் வியாபாரம் மந்தமானால் வேலை நேரத்தைக் குறைத்து எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். இந்த ஏழிலோ ஆளையே நிறுத்திவிடுவார்கள். அடி எங்கே விழுந்ததோ அங்கே மருந்து வைத்தார்கள்.

இனி அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஐந்து ஸ்டாம்புக்கு ஒரு வார உதவித்தொகை. ஐந்து வாரத்தில் தொழிலாளி கட்டியது பன்னிரண்டரை பென்னி, அதாவது ஒரு ஷில்லிங்கும் கொஞ்சமும். கிடைப்பது ஏழு ஷில்லிங். முதலாளி, அரசு இருவரின் பங்கையும் கூட்டினாலும் ஐந்து வார வசூல் மூன்று ஷில்லிங்கை எட்டாது. மீதி எங்கிருந்து வந்தது? அந்த ஆண்டு வேலை போகாமல் தப்பித்த சக தொழிலாளிகளின் ஸ்டாம்பிலிருந்து. சாங்க்ட் காலனில் முணுமுணுப்பாக ஒலித்த விஷயம், இங்கே லட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் தோள் கொடுக்கும் ஏற்பாடாக மாறியது.

வேலை போனவர் புத்தகத்தை அலுவலகத்தில் ஒப்படைப்பார்; வேலை நேரத்தில் வந்து கையெழுத்திடுவார். முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது. முந்தைய ஐந்தாண்டுகளில் குறைந்தது 26 வாரம் அந்தத் தொழில்களில் உழைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம் பணம் வரும். அதே சட்டம் தொழிலாளியின் மானத்தையும் காத்தது. வேலைநிறுத்தத்தால் காலியான இடத்துக்கோ, வட்டார வழக்கத்தைவிடக் குறைந்த கூலிக்கோ போக மறுத்தால் உதவித்தொகை பறிபோகாது. அதிகாரி மறுத்தால் முறையீடு செய்யலாம். விசாரிக்கும் மன்றத்தில் தலைவரோடு முதலாளிகள் தரப்பில் ஒருவரும் தொழிலாளர் தரப்பில் ஒருவரும் உட்கார்ந்தார்கள். 1913 ஜனவரியில் முதல் ஏழு ஷில்லிங்குகள் கைமாறின.

பிறகு வந்த வரலாறு நேர்க்கோட்டில் போகவில்லை. 1920இல் காப்பீடு ஒரு கோடிப் பேருக்கும் மேல் விரிந்தது. வயல் வேலை செய்தோரும் வீட்டு வேலை செய்தோரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். உடனே மந்தம் வந்தது. உண்மையாகவே வேலை தேடினேன் என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1921இல் புகுந்தது. வேலையே இல்லாத ஊரில் வேலை தேடியதற்கு என்ன சாட்சி காட்டுவது? லட்சக்கணக்கான விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1930இல்தான் அந்த விதியை நீக்கினார்கள்.

இந்தியாவில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான 1948இன் சட்டம் நோய்க்கும் பேறுகாலத்துக்கும் விபத்துக்கும் வழி செய்தது. வேலை இழப்பு அதில் சேர வெகுகாலம் ஆனது. 2005இல் ராஜீவ் காந்தி பெயரிலும் 2018இல் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலும் திட்டங்கள் வந்தன. பின்னதில் சராசரிக் கூலியின் கால் பங்கு, 90 நாள் வரை. கொரோனா வந்த 2020இல் அதைப் பாதிக் கூலியாக உயர்த்தினார்கள். 90 நாள் காத்திருப்பை 30 நாளாகக் குறைத்தார்கள். பழைய முதலாளி வழியாகப் போகாமல் தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கவும் வழிவிட்டார்கள். இரண்டாண்டு வேலை, வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா, ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கு இல்லை என்று அப்போதிருந்த நிபந்தனைகளைப் படிக்கும்போது, அந்தப் பழைய புத்தகத்தின் பக்கங்களே கண்ணில் படுகின்றன.

ஆனால் நம் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தத்தைப் பார்க்கிற எத்தனை பேர், அது மருந்து மாத்திரைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! வேலை போன நாளில் வெட்கப்பட்டு வீட்டுக்குள் உட்கார வேண்டியதில்லை. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். மாதாமாதம் உங்கள் கூலியில் பிடித்த பணம்தான் உங்கள் ஐந்து பென்னி ஸ்டாம்பு. அதை நீங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்கள்.