இலை துளைக்கும் வண்டுகள்

இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே உள்ள பச்சையைத் தின்று, புழுப் பருவம் முழுவதையும் அங்கேயே கழிக்கும் வண்டினங்கள். ஈக்களிலும் அந்துப்பூச்சிகளிலும் இப்படி வாழ்பவை உண்டு. வண்டுகளில் முள்வண்டுகளும் சில பொன்வண்டுகளும் கூன்வண்டுகளும் இவ்வாறு வாழ்கின்றன. இவை கண்ட இலையைத் தின்பவை அல்ல. பெரும்பாலும் ஒரு செடியையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டுமே நாடும். இவற்றின் வரலாறு முழுவதும் அந்தப் பிடிவாதத்தைச் சுற்றியே நடக்கிறது.

திருத்தணி வட்டார உழவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது நெல் முள்வண்டு. 1808-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஒலிவியே இதை விவரித்தார். சுமார் 5 மி.மீ. நீளம், கருநீல நிறம், முதுகெல்லாம் முள். தாய்வண்டு இலை நுனியருகே ஒவ்வொரு முட்டையாகப் பதிக்கும். பொரித்த தட்டையான புழு உள்ளே குடைந்து செல்ல, இலையில் வெளிறிய கொப்புளம் எழும். அதை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே புழு கிடப்பது நிழலாகத் தெரியும். கூட்டுப்புழுவாவதும் அங்கேதான். வெளியே வந்த வண்டு நரம்புக்கு இணையாகப் பச்சையைச் சுரண்ட, வெள்ளைக் கோடுகள் விழும். முட்டை நுனியில் இருப்பதால், நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளி அழிப்பது மருந்தில்லாத, நல்ல வழி. தழைச்சத்தை அள்ளிப் போட்ட வயலில் தாக்குதல் கூடும்.

தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றிப் பூச்சியியலாளர் டி. பெயின்பிரிக் ஃபிளெட்சர் 1914-இல் நூல் வெளியிட்டார். முள்வண்டுகளை வகைப்படுத்திய சமரேந்திர மௌலிக்கின் தொகுதி 1919-இல் வந்தது. ஆயினும் நெல் ஆராய்ச்சியில் தண்டுத் துளைப்பான் பெற்ற கவனம் முள்வண்டுக்குக் கிடைக்கவில்லை. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.6 ரகம் தண்டுத் துளைப்பானைத் தாங்கியதால்தான் ஐ.ஆர்.20 நெல் ரகத்துக்குப் பெற்றோராயிற்று. முள்வண்டு ஆண்டுதோறும் வருவதில்லை. வந்த ஆண்டில் மட்டும் பேசப்பட்டு, பிறகு மறக்கப்படுகிறது. இது சரியல்ல.

நெல்லுக்கு முள்வண்டு போல, மாவின் தளிரிலைக்குள் குடையும் சிறு கூன்வண்டும் உண்டு.

இதே வாழ்க்கைமுறையை மனிதர் துணைக்கு அழைத்தது உண்ணிச்செடியின் கதை. அமெரிக்க வெப்பமண்டலச் செடியான இது 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுக்காக வந்து, பின்னர் நாடெங்கும் குன்றுகளையும் காட்டோரங்களையும் பிடித்துக்கொண்டது. அதை அழிக்கவல்ல பூச்சி இங்கேயே இருக்குமா என்று பூச்சியியலாளர் ஒய். ராமச்சந்திர ராவ் தேடி, 148 பூச்சியினங்களைப் பதிவுசெய்து 1920-இல் வெளியிட்டார். செடியை அடக்கும் அளவுக்கு எதுவும் தேறவில்லை. 1970 வாக்கில் ஆஸ்திரேலியா வழியாக இரண்டு முள்வண்டுகள் வரவழைக்கப்பட்டன: தென்னமெரிக்காவின் யூரோபிளேட்டா கிரார்டி, மெக்சிகோ பக்கத்து ஆக்டோடோமா ஸ்கேப்ரிபென்னிஸ். நெல்லில் தொல்லையான அதே குணம், உண்ணியில் பயன்படும் என்பது எதிர்பார்ப்பு.

அது முழுதாகக் கைகூடவில்லை. வறட்சியில் உண்ணிச்செடி இலையுதிர்த்துவிட்டால், இலைக்குள்ளேயே வளர வேண்டிய புழுவுக்கு இடமில்லை. மழை பெய்ததும் செடி தழைக்கும் வேகத்துக்கு வண்டின் பெருக்கம் ஈடுகொடுப்பதில்லை. போதாக்குறைக்கு, இங்கே பரவியிருப்பது ஒரே செடியன்று, பல கலப்பின வகைகளின் கூட்டம். ஆகவே உண்ணியை ஒழிக்க இன்றும் நம்பத்தக்க வழி, மண்ணுக்கடியில் வேர்க்கழுத்தை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கிடத்திக் காயவிடுவதே.