பைசாவும் பெசாவும்

இந்து சமுத்திரத்தின் மேல்கரையிலுள்ள கென்ய நாட்டிலே பணத்துக்குப் ‘பெசா’ என்று பெயர். நமது ‘பைசா’தான் வணிகரோடு கலமேறிச் சென்று சுவாகிலி மொழியில் அவ்வாறு வழங்கலாயிற்று என்பர். அந்தப் பெயரைத் தாங்கிய ‘எம்-பெசா’ என்னும் சேவை 2007ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அங்கே தொடங்கியது. கையடக்கத் தொலைபேசியிற் குறுஞ்செய்தி அனுப்புவதுபோலப் பணத்தை அனுப்பும் முறை அது.

முறை புதிது, அதற்கான தேவையோ நூறாண்டு பழையது. ஆங்கிலேயர் அந்நாட்டு மேட்டுநிலங்களை வெள்ளைக் குடியேறிகளுக்குக் கொடுத்தனர். குடிசைக்கு வரியும் விதித்தனர். வரிக்குக் காசு தேடி ஆடவர் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் போயினர். மனைவிமார் ஊரிலே நிலத்தைப் பார்த்திருந்தனர். 1963இல் சுதந்திரம் வந்த பின்னரும் இந்தப் பிரிவு நீங்கவில்லை. நைரோபியில் உழைத்த காசு கிராமம் போய்ச் சேரவேண்டும். வங்கியோ பட்டணத்தோடு நின்றது. ஆகவே பேருந்துச் சாரதியிடமோ ஊருக்குப் போகும் உறவினரிடமோ உறையிலிட்டுக் கொடுத்தனுப்பினர். வழியிலே களவு போனாற் கேட்பாரில்லை.

2005இல் வொடபோன் நிறுவனம், பிரித்தானிய அரசின் உதவியோடு, சிறுகடன் தவணைகளைத் தொலைபேசி மூலம் செலுத்தும் சோதனையொன்றை அங்கே நடத்தியது. கடன் வாங்கியோர் தவணை கட்டியதோடு நில்லாது, தமக்குள்ளே ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தலைப்பட்டனர். ஆகவே இதைக் கண்டுபிடித்தவர் பொறியியலாளரா, கடன்பட்ட ஏழைகளா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்! சஃபாரிகொம் நிறுவனம் அந்தப் பழக்கத்தையே சேவையாக்கிற்று. தொலைபேசி அட்டை விற்ற சிறு கடைக்காரர் முகவராயினர். மக்களின் பணம் நிறுவனத்தின் கைபடாது வங்கியிலே தனிப் பொறுப்பில் இருக்கும் ஏற்பாட்டோடு, மத்திய வங்கியும் இடங்கொடுத்தது.

2007 டிசம்பர்த் தேர்தலை அடுத்து மூண்ட கலவரத்திலே, வீட்டைவிட்டு வெளியேற முடியாது அகப்பட்ட உறவினர் பலருக்கு உதவி இவ்வழியாலேயே சென்றது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் கொடிய வறுமையிலிருந்து மீண்டதற்கு இச்சேவை காரணமென மதிப்பிட்டது. பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களுக்கே நன்மை மிகுதி. ஆயின் 2012இல் அதே தொலைபேசி கடனும் கொடுக்கத் தொடங்கிற்று. சில நொடிகளிற் கிடைத்த கடனைத் திருப்பிக் கட்டமுடியாது திண்டாடியோரும் பலர்.

இதே எம்-பெசாவை 2010இல் தென்னாபிரிக்காவிலும் தொடங்கினர். அங்கே வங்கிக் கணக்குடையோர் ஏற்கெனவே பெருந்தொகையினர். வங்கி விதிகளும் இறுக்கமானவை. சேவை வேர்விடவில்லை. 2016இல் அதனை மூடிவிட்டனர்.