கைது நேரம்

விருத்தாசலம் கோர்ட்டுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையில் முப்பத்தோரு வருஷம் டைப் அடித்தவள் நான். சேத்தியாத்தோப்பில் முதல் பஸ் ஏறினால், கோர்ட் கூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் மெஷினைத் துடைத்து ரிப்பன் மாட்டிவிடலாம். குமாஸ்தாக்கள் கையெழுத்தில் மனுவைக் கொண்டுவருவார்கள். ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி நான்கு. ஜாமீன் மனு அடித்து அடித்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆள் யார், என்ன குற்றம் என்று பார்ப்பதற்கு முன்னால் என் கண் ஒரு இடத்துக்குப் போய்விடும்: எத்தனை மணிக்குக் கைது செய்தார்கள்? குமாஸ்தாவிடம் குடும்பத்தார் சொன்ன நேரம் ஒன்றாக இருக்கும், போலீஸ் தாளில் இருக்கும் நேரம் வேறாக இருக்கும். சில சமயம் நாளே வேறாக இருக்கும்.

இது என்னை உறுத்தியதற்குக் காரணம் என் தம்பி. 1989-ல் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பீஸ் கேரியர் வார்க்கிற வேலையில் இருந்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், யாரோ ஒருவருடைய சைக்கிள் காணாமல் போன சந்தேகத்தில் பட்டறை வாசலிலேயே அழைத்துக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்பதை எழுதப்போவதில்லை. திங்கட்கிழமை மத்தியானம் விட்டார்கள். உதடு வீங்கியிருந்தது. வேலை விட்டு வந்தபோது கையில் ஒட்டியிருந்த வெள்ளை மண் முழங்கை வரை அப்படியே காய்ந்து வெடித்திருந்தது. கை கழுவக்கூடத் தண்ணீர் கொடுக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார வைத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, அந்த மண் பால் மாதிரி கரைந்து ஓடியது. வழக்கு இல்லை, கைது இல்லை, ஒரு தாளிலும் அவன் பெயர் இல்லை. இரண்டு ராத்திரி அவன் எங்கே இருந்தான் என்றால் அரசாங்கத்திடம் பதில் கிடையாது.

அரசியல் சட்டத்தின் 22-ம் பிரிவு 1950 ஜனவரி 26 முதலே இருக்கிறது. கைது செய்தவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்கவிட வேண்டும் என்கிறது. எல்லாம் சரி. அந்த இருபத்து நான்கு மணி எப்போது தொடங்கியது என்று எழுதுகிறவர் யார்? கைது செய்தவரேதான். நேரத்தை எழுதாதவரை கடிகாரம் ஓடுவதில்லை.

தனிமனித சுதந்திரம் பற்றிச் சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் சொன்ன முதல் பெரிய தீர்ப்பே சென்னை மாகாணத்து வழக்கில்தான் வந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தொடுத்த வழக்கு அது. 1950 மே 19-ல் தீர்ப்பு. சட்டம் என்று ஒன்று இருந்து, அதில் சொன்ன முறைப்படி பிடித்திருந்தால் போதும், அந்த முறை நியாயமானதா என்று கோர்ட் கேட்காது என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதன் சாரம். நீதிபதி பசல் அலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பக்கம் சட்டம் வந்து சேர 1978-ல் மேனகா காந்தி வழக்குத் தீர்ப்பு வரை ஆனது. இடையில் நெருக்கடி நிலை. 1976 ஏப்ரல் 28-ல், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐந்து பேரில் நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். மறுத்தவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது 2017 ஆகஸ்ட் 24-ல், அந்தரங்க உரிமை வழக்கில். நாற்பத்தோரு வருஷம்!

ஆனால் இதெல்லாம் டெல்லியில் நடந்தது. எங்கள் பக்கத்தில் நடந்தது ராஜாகண்ணு வழக்கு.

1993 மார்ச். கம்மாபுரம் பக்கத்தில் முதனை என்ற ஊர். ஒரு வீட்டில் நகை திருட்டுப் போனது. சந்தேகம், குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு மேல் விழுந்தது. அவர் மனைவி பார்வதியையும் உறவினர்களையும் முதலில் பிடித்தார்கள், பிறகு அவரையும். கம்மாபுரம் ஸ்டேஷனில் அடித்தார்கள். அதற்கப்புறம் பார்வதிக்குக் கிடைத்த பதில், ராஜாகண்ணு தப்பி ஓடிவிட்டார் என்பது.

மீன்சுருட்டி எல்லையில் அடையாளம் தெரியாத ஒரு பிணம் கிடந்தது. எங்கள் ஊருக்குள் வந்து வெள்ளாற்றைத் தாண்டி கும்பகோணம் போகிறதே சாலை, அதில் இருக்கிறது மீன்சுருட்டி. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டி நிற்கிற சாலை. நான் தினமும் பஸ்ஸுக்கு நின்ற சாலை. அப்போது கம்மாபுரம் தென்னாற்காடு மாவட்டம், மீன்சுருட்டி திருச்சி மாவட்டம். மாவட்டம் மாறினால் போலீஸ் மாறும், பதிவேடு மாறும். ஒரு ஊரில் தப்பி ஓடியவர் அடுத்த மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகிவிடலாம். இரண்டு பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

பார்வதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டவர் வழக்கறிஞர் கே.சந்துரு, பின்னாளில் 2006 முதல் 2013 வரை அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். ஆட்கொணர்வு மனுவில் ஒரு சிக்கல் உண்டு. "அந்த ஆள் எங்களிடம் இல்லை" என்று போலீஸ் சொல்லிவிட்டால், கொண்டுவருவதற்கு ஆளில்லை என்று மனுவை முடித்துவிடலாம். அப்படி முடிக்கக்கூடாது என்பதற்குக் கேரளத்தில் ஒரு முன்மாதிரி இருந்தது. நெருக்கடி நிலையில் காணாமல் போன பொறியியல் மாணவர் ராஜனைத் தேடி, அவர் அப்பா ஈச்சர வாரியர் 1977-ல் போட்ட மனுவில் கேரள உயர் நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்தது. அங்கே ஒரு அப்பா, இங்கே ஒரு மனைவி. ராஜாகண்ணு வழக்கில் போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டித்தது 2006-ல். பதின்மூன்று வருஷம் ஆனது.

2021-ல் ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். படத்தில் அவர்களை இருளர்களாகக் காட்டினார்கள், நிஜத்தில் குறவர்கள். இதைச் சின்ன மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. குறவர்களைச் சந்தேகப்படுவதற்குச் சட்டமே ஒருகாலத்தில் இருந்தது. வெள்ளைக்காரன் 1871-ல் கொண்டுவந்து, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்த குற்றப் பரம்பரைச் சட்டம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். கைரேகையைப் பதிந்துவைத்து, ராத்திரியில் ஸ்டேஷனுக்கு வந்து ஆஜர் சொல்ல வேண்டும் என்று ஆண்களை அலைக்கழித்த சட்டம். சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947-ல். 1993-ல் ஒரு நகை காணாமல் போனதும் ஜீப் எந்தத் தெருவுக்குப் போனது என்று பாருங்கள். சட்டம் போய் நாற்பத்தாறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அதே 1993 மார்ச் மாதம் 24-ம் தேதி டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரிசாவில் நீலாபதி பெஹரா என்ற அம்மா. அவர் மகன் சுமனை 1987 டிசம்பர் 1-ம் தேதி திருட்டு விசாரணைக்குப் போலீஸ் கொண்டுபோனது. இருபத்திரண்டு வயது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு தப்பிவிட்டான், ரயிலில் அடிபட்டிருப்பான் என்றது போலீஸ். ஒரிசாவிலும் தப்பி ஓடினான், கம்மாபுரத்திலும் தப்பி ஓடினார். அந்த அம்மா 1988-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டார். முத்திரைத்தாள் இல்லை, வக்காலத்து இல்லை. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது.

பணம் பெரிதில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருந்த நிலையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த உத்தரவின் கனம் புரியும். 1964-ல் கஸ்தூரிலால் வழக்கு. ஒரு வியாபாரியிடம் பறிமுதல் செய்த தங்கத்தை ஸ்டேஷனில் இருந்த ஹெட் கான்ஸ்டபிளே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசு பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 1983-ல் பீகாரின் ருதுல் ஷா வழக்கில் அந்தச் சுவரில் முதல் விரிசல் விழுந்தது. விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் பதினான்கு வருஷம் ஜெயிலில் கிடந்த மனிதர் அவர். கோர்ட் கொடுக்கச் சொன்னது 35,000 ரூபாய். நீலாபதி வழக்கில்தான், உயிரையும் சுதந்திரத்தையும் பறித்தால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும், இறையாண்மை என்று சொல்லித் தப்ப முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். அந்த வருஷம் அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் வந்தது. காவலில் சாவு நேர்ந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று டிசம்பரில் உத்தரவிட்டது.

இந்தத் தீர்ப்புகளையெல்லாம் நீதிபதிகளின் பெயரோடு சேர்த்துத்தான் படிக்கிறோம். எனக்கு அது போதவில்லை. பிணத்தை யாரும் காட்டாமல் இருந்தபோது தேடிப்போன பெண்கள் கொண்டுவந்த சட்டம் இது. அவர்கள் போகாமல் இருந்திருந்தால் நீதிபதிக்கு எழுத என்ன இருந்திருக்கும்?

1996 டிசம்பர் 18-ல் டி.கே.பாசு வழக்கில் தீர்ப்பு வந்தது. அதுவும் ஒரு கடிதத்தில் தொடங்கியதுதான். மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர் 1986-ல் எழுதிய கடிதம். நம் ஊர் ஸ்டேஷன் சுவரில் ‘உச்ச நீதிமன்றத்தின் 11 கட்டளைகள்’ என்று பலகை பார்த்திருப்பீர்கள். அந்தத் தீர்ப்பில் வந்தவைதான். கைது செய்கிறவர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, கைது செய்யும்போதே ஒரு குறிப்பு எழுத வேண்டும். அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்டவரும் போட வேண்டும். கட்டளையாக இருந்த இது பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது.

என் தம்பி பிடிபட்டது பாசு தீர்ப்புக்கு ஏழு வருஷம் முன்னால்.

தாள் இருந்தும் சாத்தான்குளம் நடந்தது. 2020 ஜூனில் அந்த ஊர் ஸ்டேஷனில் போலீஸ் அடித்த அப்பா ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ் இரண்டு பேரையும் பறிகொடுத்தோம். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது.

இப்போது நான் டைப் அடிப்பதில்லை. ஆனாலும் தெருவில் யாருக்காவது கோர்ட் தாள் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். போன வருஷம் ஒரு ராத்திரி, எதிர்வீட்டுப் பையனை ஒரு அடிதடி வழக்கில் பிடிக்க வந்தார்கள். அவன் அம்மா கதறிக்கொண்டு நின்றார். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து என்னிடம் பேனாவை நீட்டினார்.

"அம்மா, சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். பெயர், தகப்பனார் பெயர், குற்ற எண், தேதி எல்லாம் இருந்தது. நேரத்துக்கான இடம் காலி.

"நேரம் எழுதலையே சார்."

"ஸ்டேஷன்ல போய் எழுதிக்கிறோம்மா."

"இங்கேயே எழுதிடுங்க சார். எழுதின உடனே நான் போட்டுடறேன்."

ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து 9.40 என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டு, என் கையெழுத்துக்குக் கீழேயும் 9.40 என்று எழுதினேன். பையனும் போட்டான். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவன் மாஜிஸ்திரேட் முன்னால் நின்றான். உடம்பில் ஒரு காயம் இல்லை. வழக்கு நடக்கிறது, அவன் தப்பு செய்தானா இல்லையா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் தெருவிலும் ஒருநாள் ஜீப் வரலாம். வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். வெளியே போய் நில்லுங்கள். சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் போடுங்கள், ஆனால் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களும் ஒருமுறை மணியை எழுதுங்கள்.