அஞ்சல் நிரல்: வசதி வந்த வழியும் ஆபத்து வந்த வழியும்

கணினி விட்டுக் கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பும் வழி 1971-இல் கிடைத்தது. அதை ஒழுங்காகப் படிக்கும் வழி அடுத்த ஆண்டுதான் வந்தது. அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் அனுப்பிக் காட்டிய முறையில், வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. வேண்டியதைப் பிடிக்க முழுவதையும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட்டின் சிற்பிகளில் ஒருவரான லாரி ராபர்ட்ஸ் 1972-இல் ஆர்டி என்ற சிறு நிரலை எழுதினார். கடிதங்களைப் பட்டியலிடவும், விரும்பியதை மட்டும் திறக்கவும், வேண்டாததை நீக்கவும் அதில் முடிந்தது. 1975-இல் ஜான் விட்டல் எழுதிய எம்எஸ்ஜி நிரலில் பதில் எழுதும் கட்டளை சேர்ந்தது. அனுப்பியவரின் முகவரியை மறுபடியும் தட்ட வேண்டிய வேலை ஒழிந்தது. இன்றைய அஞ்சல் நிரல்களின் எலும்புக்கூடு இந்த இரண்டிலேயே உருவாகிவிட்டது.

ஆர்டியும் எம்எஸ்ஜியும் ஓயாமல் இயங்கிய பெரிய கணினிகளுக்கானவை. மாலையில் அணைத்துவிடும் மேசைக்கணினியால் எந்நேரமும் கடிதம் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. சர்வர் வாங்கி வைத்திருக்கும், மேசைக்கணினி வந்து எடுத்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு அதனால் பிறந்தது. 1984-இல் வகுக்கப்பட்டு 1988-இல் மூன்றாம் வடிவம் கண்ட பாப் நெறிமுறையில், கடிதங்களை இறக்கியபின் சர்வரிலிருந்து அழித்துவிடுவது வழக்கம். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் 1986-இல் உருவாக்கிய ஐமேப் கடிதங்களைச் சர்வரிலேயே விட்டுவைத்தது. சர்வரில் இடமும் தொலைபேசி இணைப்பு நேரமும் விலையுயர்ந்திருந்ததால் வீடுகளில் நெடுநாள் பாப்தான் நிலைத்தது. இரண்டிலும் ஒரு பெருங்குறை இருந்தது: கடவுச்சொல் பெரும்பாலும் எந்த மறைப்பும் இல்லாமல் வலையில் பயணித்தது. இந்நெறிமுறைகளுக்கு மறையாக்கம் சேர்க்கும் தரம் 1999-இல்தான் வெளியானது.

மேசைக்கணினி அஞ்சல் நிரல் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் பரவலாகக் காட்டியது யூடோரா. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-இல் மெக்கின்டாஷுக்காக அதை எழுதினார். அஞ்சலகத்தில் போய்க் குடியேறிவிடும் ஒருத்தியைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்ட்டியின் பெயரையே நிரலுக்கு வைத்தார். 1990களின் தொடக்கத்தில் குவால்காம் நிறுவனம் அதை ஏற்று விண்டோஸுக்கும் கொண்டுவந்தது. இலவசப் பதிப்பு ஒன்றும் விலைப் பதிப்பு ஒன்றுமாக அது பரவியது. கடிதங்களை எந்த உரைத்திருத்தியிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே யூடோரா வைத்தது. இணைப்புகளைப் பிரித்துத் தனி அடைவில் போட்டது. பத்தாண்டுக் கடிதங்களைச் சேதமில்லாமல் வேறொரு நிரலுக்கு மாற்றிக்கொள்ள அதன் பயனர்களால் முடிந்ததென்றால் காரணம் இந்த எளிமைதான். பாதுகாப்பு என்பது திருடரிடமிருந்து காப்பது மட்டுமன்று. எழுதியவை கைவிட்டுப் போகாமல் காப்பதும் அதில் அடக்கம். இந்த அளவுகோலில் யூடோராவுக்கு இணையானவை சிலவே. அவற்றில் ஒன்று, நியூசிலாந்தின் டனீடின் நகரில் டேவிட் ஹாரிஸ் 1990-இலிருந்து இலவசமாக வழங்கிய பெகாசஸ்.

இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, குறைந்த கட்டணத்தில் சேர்ந்த மாணவர்களுக்குக் கிடைத்தது வெறும் எழுத்துத் திரை. அதில் அவர்கள் பழகியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் நிரல். படம் தெரியாது, கடிதத்துக்குள் ஒளிந்து வரும் நிரல் தானாக ஓடவும் வழியில்லை. ஆனால் தமிழ் எழுத்தும் அதில் வராது. தமிழில் கடிதம் எழுத விரும்பியவர்கள் எழுத்துரு மாற்றும் வசதியுள்ள விண்டோஸ், மெக்கின்டாஷ் நிரல்களை நாடினர். டிஸ்கி போன்ற தமிழ்க் குறியேற்றங்களின் காலத்தில் அனுப்புநரும் பெறுநரும் ஒரே வகை எழுத்துரு வைத்திருந்தால்தான் கடிதம் கடிதமாகத் தெரிந்தது. யூனிகோடு பரவும் வரை தமிழருக்கு அஞ்சல் நிரலைத் தேர்வதில் முதல் கேள்வி இதுவே.

1992-இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃபிரீடும் வகுத்த மைம் தரம், படமும் ஒலியும் பிறமொழி எழுத்தும் கடிதத்தோடு செல்ல வழி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வலைப்பக்கம் போலவே அலங்கரித்த கடிதங்கள் வந்தன. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவியோடு சேர்ந்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வந்தது. பின்னர் அது விண்டோஸுடனேயே வந்ததால் கோடிக்கணக்கானோருக்கு அஞ்சல் நிரல் என்பது தேர்ந்தெடுக்கும் பொருளாகவே இல்லாமல் போயிற்று. அது கடிதத்தைக் காட்டியது உலாவியின் இயந்திரத்தைக் கொண்டு. ஆகவே உலாவியின் ஒவ்வோர் ஓட்டையும் அஞ்சலின் ஓட்டையாயிற்று.

1994-இல் ஒரு புரளி உலவியது: குறிப்பிட்ட தலைப்புள்ள கடிதத்தைப் படித்தாலே கணினி கெட்டுவிடும் என்றது அது. எழுத்தைப் படிப்பதால் கணினி கெடாது என்று வல்லுநர்கள் விளக்கினர். அன்றைய நிரல்களுக்கு அது உண்மை. 1999 நவம்பரில் வந்த பபிள்பாய் வைரஸ் அந்த உறுதியைப் பொய்யாக்கியது: அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முன்னோட்டப் பகுதியில் கடிதம் தெரிந்ததுமே அது ஓடியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் முன்பே வெளியாகியிருந்தும் எல்லோரும் நிறுவியிருக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த காக், பயனரின் கையொப்பக் குறிப்புக்குள் புகுந்து அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தோடும் போனது. அதற்கு முன் மார்ச் மாதத்தில் மெலிசா என்ற வேர்டு மேக்ரோ வைரஸ், மைக்ரோசாஃப்டின் மற்றோர் அஞ்சல் நிரலான அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்திலிருந்து முதல் 50 பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. யூடோராவில் அதே கோப்பைத் திறந்தவரின் ஆவணங்களும் கெடும். ஆனால் அவுட்லுக் இல்லாத கணினியிலிருந்து கடிதம் யாருக்கும் போகாது.

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ இவற்றையெல்லாம் மிஞ்சியது. காதல் கடிதம் என்ற பெயரோடு வந்த இணைப்பு உண்மையில் ஒரு விபி ஸ்கிரிப்ட் நிரல். கோப்பு வகையைச் சொல்லும் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் இயல்பாகவே மறைத்ததால் அது சாதாரண எழுத்துக் கோப்பாகத் தோன்றியது. முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பி, கணினியிலிருந்த படக் கோப்புகளின் மேல் தன்னை எழுதிக்கொண்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அஞ்சல் சேவையை நிறுத்திவைத்தது. இத்தகைய குற்றத்துக்குப் பிலிப்பைன்ஸில் அப்போது சட்டம் இல்லாததால் எழுதியவர் தண்டனையின்றித் தப்பினார். அடுத்த மாதமே அங்கே சட்டம் வந்தது. மைக்ரோசாஃப்டும் ஆபத்தான இணைப்புகளைத் தடுக்கும் திருத்தத்தை அவுட்லுக்குக்கு வெளியிட்டது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் வெளியிலிருந்து வரும் படங்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாடு 2004-இல்தான் வந்தது. அதுவரை விளம்பரக்காரர் அனுப்பிய கண்ணுக்குத் தெரியாத சிறு படம், கடிதம் திறக்கப்பட்டதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறையாக்கத்தின் கதை வேறு. ஃபில் சிம்மர்மன் 1991-இல் பிஜிபி என்ற மறையாக்க நிரலை வெளியிட்டபோது, யாரும் இடையில் படிக்க முடியாத கடிதம் சாதாரண மக்களுக்கும் எட்டியது. எட்டியதே தவிர, கைகூடவில்லை. 1999-இல் அல்மா விட்டனும் டக் டைகரும் வெளியிட்ட ஆய்வில், பிஜிபி 5.0-ஐ யூடோராவோடு சேர்த்துப் பயன்படுத்த 12 பேரிடம் கொடுத்தனர். 90 நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்கினரே கடிதத்தைச் சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கி அனுப்பினர். சிலர் மறைக்க வேண்டியதை மறைக்காமலே அனுப்பிவிட்டனர். கையாளக் கடினமான பாதுகாப்பு பாதுகாப்பாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மோசில்லாவின் தண்டர்பேர்டு 1.0 பதிப்பு 2004 டிசம்பர் 7 அன்று வந்தபோது இந்தப் பாடங்களில் பல அதில் பதிந்திருந்தன: கற்றுக்கொள்ளும் குப்பை வடிகட்டி, வெளிப் படங்களுக்குத் தடை, எழுத்துக் கோப்பாகவே சேமிப்பு, யாரும் ஆராயக்கூடிய திறந்த மூலம். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு ஜிகாபைட் இடத்தோடு, உலாவியிலேயே இயங்கும் கூகுளின் ஜிமெயில் தொடங்கியிருந்தது. கூட்டம் உலாவிக்குப் போயிற்று. 2006-இல் யூடோராவின் கடைசிப் பதிப்புகள் வந்தன. அதன் மூல நிரலைக் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2018-இல் வெளியிட்டது. அதே 2018-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்த ஈஃபெயில் தாக்குதல், மறையாக்கிய கடிதத்தைத் திறந்த பின் அதன் உள்ளடக்கத்தைப் பட முகவரி வழியாகவே வெளியே கடத்த முடியும் என்று காட்டியது. தண்டர்பேர்டு, ஆப்பிள் மெயில், அவுட்லுக் ஆகியவை பாதிக்கப்பட்டன. 2020-இல் தண்டர்பேர்டின் 78-ஆம் பதிப்பு, துணைநிரல் தேவையின்றித் தானே பிஜிபி வகையில் மறையாக்கும் வசதியைப் பெற்றது.

கடவுச்சொல்லை நேரடியாக நிரலுக்குக் கொடுக்கும் பழக்கத்தைக் கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022-இல் நிறுத்தியது. உலாவியில் ஒப்புதல் கொடுத்து அனுமதி பெறும் முறை அந்த இடத்துக்கு வந்ததால், அதைக் கற்காத பழைய நிரல்கள் பலவற்றால் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு அஞ்சல் பெட்டியை எட்ட முடியாமல் போனது. விண்டோஸின் மெயில் நிரலுக்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொண்ட மைக்ரோசாஃப்ட், பயனர்களைப் புதிய அவுட்லுக்குக்கு அனுப்பியது. அதில் வேறு நிறுவனத்தின் அஞ்சல் கணக்கைச் சேர்த்தால் கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வர்களுக்கும் போகிறது. தண்டர்பேர்டில் மேசைக்கணினி அஞ்சல் சர்வரோடு நேரடியாகவே பேசுகிறது; அதை நடத்தும் செலவைப் பெரும்பாலும் பயனர்களின் நன்கொடை தாங்குகிறது.