ஓசூரில் பத்து, பெங்களூரில் முப்பது

"ஓசூர்ல இருந்துக்கிட்டு பெங்களூர் சம்பளம் கேட்டா எப்படி? இங்கதான் எல்லாம் மலிவாச்சே!" சிப்காட் பக்கம் சம்பளப் பேச்சு வந்தாலே யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எதை வைத்து மலிவு என்கிறோம்?

கேள்வி பழசுதான். 1929இல் கார் கம்பெனிக்காரர் ஹென்றி ஃபோர்டுக்கே வந்தது. டெட்ராய்ட்டில் தன் தொழிலாளி வாழ்கிற அதே வசதியோடு கார்க், பெர்லின், இஸ்தான்புல் தொழிலாளியும் வாழ என்ன கூலி தரவேண்டும்? ஜெனிவாவிலுள்ள சர்வதேச தொழிலாளர் அமைப்பிடம் கேட்டார்கள். டெட்ராய்ட்டில் 100 ஃபோர்டு குடும்பங்களின் வரவு செலவை அமெரிக்க அரசு எழுதியெடுத்தது. அந்தப் பட்டியலோடு ஐரோப்பாவில் விலை விசாரிக்கப் போனபோதுதான் வம்பு. டெட்ராய்ட்காரர் சாப்பிடுவதை மற்ற ஊர்க்காரர் சாப்பிடுவதில்லை. வீடும் அதே மாதிரி வீடில்லை. அமெரிக்கப் பட்டியலை வைத்தால் ஒரு விடை, உள்ளூர்ப் பட்டியலை வைத்தால் வேறு விடை. (இரண்டுமே சரியான கணக்குதான், அதுதான் கொடுமை!)

நம்ம ஊரிலும் இதே கதைதான். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அட்டை இருக்கிற வீட்டுக்கு ஒரு ஓசூர். அட்டை இல்லாமல் கடையில் அரிசி வாங்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு, அதே தெருவில், இன்னொரு ஓசூர். இதில் "ஓசூரின் செலவு" என்று ஒரே எண்ணை எப்படிச் சொல்வது?

மத்திய அரசு தன் ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கு இந்தத் தலைவலியே வேண்டாம் என்று தலைகளை எண்ணுகிறது. மக்கள்தொகை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் எக்ஸ், 5 லட்சம் முதல் ஒய், மிச்சமெல்லாம் இசட். வாடகை என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. 2024 ஜனவரி முதல் எக்ஸ் நகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், இசட்டில் 10. பெங்களூரு எக்ஸ். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூர், 2019இல் மாநகராட்சி ஆன பிறகும், இசட்.

வீட்டுக்காரர் இந்த எழுத்தையெல்லாம் பார்ப்பாரா? எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூரில் குடியிருப்பவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று பார்த்துத்தான் வாடகை சொல்கிறார். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் அங்கே படி 12,000, இங்கே 4,000. நாலாயிரத்துக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி வீடு தேடிப் பாருங்கள்.