கடல் போன மீனவ ஊர்கள்: வோலண்டாமும் மார்க்கனும்

ஆம்ஸ்டர்டாமுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலர் ஒரு நாளை ஒதுக்கி வைப்பது வோலண்டாமுக்காக. பேருந்தில் ஏறினால் சுமார் அரை மணி நேரம். இறங்கிக் கரைமேல் நடந்தால் மர வீடுகள், பொரித்த மீன் வாசனை, புகை போட்ட விலாங்கு விற்கும் கடைகள். அங்கிருந்து படகு. இன்னொரு அரை மணியில் மார்க்கன். அங்கேயும் மர வீடுகள், பச்சை வண்ணம், குட்டித் துறைமுகம். இரண்டையும் வழிகாட்டிப் புத்தகங்கள் 'பழைமை மாறாத மீனவ கிராமங்கள்' என்றுதான் எழுதுகின்றன.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அந்தப் படகு போகிற தண்ணீர் கடல் இல்லை. நல்ல தண்ணீர் ஏரி! 1932 வரை அது கடலாக இருந்தது. அந்த வருடம் மே 28-ஆம் தேதி கடலின் வாயை அடைத்துவிட்டார்கள். கடல் போய்விட்டது, மீனவ கிராமம் மட்டும் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்பதுதான் இங்கே கதை.

அந்தக் கடலின் பெயர் சாய்டர்சே. 'தெற்குக் கடல்' என்று அர்த்தம். வட கடலின் ஒரு கை நெதர்லாந்தின் வயிற்றுக்குள் நீண்ட மாதிரி இருந்த ஆழமில்லாத உள்கடல் அது. மத்திய காலத்துப் புயல்கள் நிலத்தைத் தின்று தின்று உண்டாக்கியது. மார்க்கன் தீவானதும் அந்தப் புயல்களால்தான். அங்கே மக்கள் மண்ணைக் குவித்து மேடாக்கி, மேட்டின்மேல் வீடு கட்டினார்கள். மேட்டில் இடம் போதாமல் போனபோது கால்கள் நட்டு அதன்மேல் கட்டினார்கள். வெள்ளம் வந்தால் வீட்டுக்குக் கீழே ஓடிப் போகட்டும் என்ற கணக்கு.

இந்தக் கடல் வழியாகத்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கிளம்பின. 1602-இல் தொடங்கிய அந்தக் கம்பெனியின் ஆறு கிளைகளில் மூன்று, அதாவது ஆம்ஸ்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன், இந்தக் கடலோரத்தில் இருந்தவை. பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்தார்களே, அதே கம்பெனி. சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி சாய்டர்சே கரையோர ஊரான ஹிண்டலோப்பனில் பெண்களின் மரபு உடையாகவே ஆகிவிட்டது. டச்சில் அதற்கு 'சிட்ஸ்' என்று பெயர். சீட்டியும் சிட்ஸும் சொந்தக்காரச் சொற்கள். இன்று 'அசல் டச்சு உடை' என்று அருங்காட்சியகத்தில் தொங்குவதில் ஒரு பகுதி நம் ஊர்க் கரையில் அச்சடித்த துணி. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெரிய கப்பல்களின் காலம் முடிந்ததும் இந்தத் துறைமுக நகரங்கள் தூங்கிப் போயின. 1873-இல் ஆன்றி ஹாவர் என்ற பிரெஞ்சுக்காரர் படகு பிடித்து இந்தக் கடலைச் சுற்றி வந்தார். அடுத்த வருடம் புத்தகம் போட்டார். சாய்டர்சேயின் 'செத்த நகரங்கள்' என்பது தலைப்பிலேயே இருந்தது. செத்த ஊரைப் பார்க்க யார் போவார்கள் என்று நினைக்கலாம். போனார்கள்! ஐரோப்பாவில் எங்கும் தொழிற்சாலைப் புகை சூழ்ந்த காலம் அது. புகை தொடாத ஊர் என்றால் அதுவே ஒரு சரக்கு.

அதைச் சரக்கு என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் லேன்டர்ட் ஸ்பாண்டர். 1881-இல் வோலண்டாம் கரையில் விடுதி தொடங்கினார். பல நாட்டு ஓவியர்கள் வந்து தங்கினார்கள். கூர்மையான வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள், தொளதொளவென்ற கால்சட்டை போட்ட ஆண்கள், பழுப்புப் பாய் கட்டிய தட்டையடிப் படகுகள் என்று வரைந்து தள்ளினார்கள். கையில் காசில்லாதவர்கள் ஓவியத்தைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார்கள். அந்த விடுதி இன்றும் இருக்கிறது, சுவர் முழுக்க அந்த ஓவியங்களோடு. அவர்கள் வரைந்தது ஒரே ஒரு ஊரின் உடையை. ஆனால் வோலண்டாமின் அந்தத் தொப்பி வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் மொத்த ஹாலந்தின் தொப்பி ஆகிவிட்டது. விளம்பரத்துக்குச் செலவே இல்லை!

மார்க்கனுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருநாள் பயணப் படகுகள் வர ஆரம்பித்தன. சைட்யே பூஸ் என்ற பெண்மணி தன் வீட்டையே பயணிகளுக்குத் திறந்துவிட்டு, நினைவுப் பொருள் கடையும் வைத்துப் பெயர் பெற்றார். கணவன் கடலுக்குப் போவான், மனைவி வீட்டைக் காட்டுவாள். ஒரே குடும்பத்தில் இரண்டு வரவு. முதல் வரவு பெரியது, இரண்டாவது கைச்செலவுக்கு. இதைக் கவனிக்க வேண்டும். கடல் போன பிறகு சுற்றுலா வரவில்லை. கடல் இருக்கும்போதே வந்துவிட்டது.

கடலை மூட வேண்டும் என்ற யோசனை பழையது. அதற்கு உருப்படியான திட்டம் போட்டவர் பொறியாளர் கார்னெலிஸ் லெலி. வருடம் 1891. வாயில் ஒரு நீண்ட அணை, உள்ளே தண்ணீரை இறைத்துவிட்டு வயல். திட்டம் பல வருடம் அலமாரியில் கிடந்தது. செலவுக்குப் பயந்தார்கள். லெலி அமைச்சரான பிறகும் உடனே நடக்கவில்லை.

1916 ஜனவரி 13-14 இரவு புயல் அடித்தது. கரைகள் பல இடத்தில் உடைந்தன. மார்க்கனில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். மேடும் காலும் போதவில்லை. முதல் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை வகித்தது, ஆனால் உணவுத் தட்டுப்பாடு அங்கும் இருந்தது. புதிய வயல் தேவை என்று எல்லோருக்கும் தோன்றியது. 1918 ஜூனில் சட்டம் நிறைவேறியது.

அணை கட்டினால் வெளியே அலை எவ்வளவு உயரும் என்று கணக்குப் போட ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் யார் தெரியுமா? நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் லோரன்ஸ்! எட்டு வருடம் கணக்குப் போட்டு 1926-இல் அறிக்கை கொடுத்தார். 32 கிலோமீட்டர் அணை. கடலடியில் கிடைத்த கனமான களிமண்ணையே அள்ளி அள்ளிப் போட்டுக் கட்டினார்கள். முடிந்ததைப் பார்க்க இரண்டு பேரும் இல்லை. லோரன்ஸ் 1928-இல் இறந்தார், லெலி 1929-இல்.

இனி மீனவர் கணக்கு. 1925-இல் அவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதன் பெயரைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 'சாய்டர்சே உதவிச் சட்டம்'. நஷ்டஈடு என்று சொல்லவில்லை, உதவி என்றார்கள். வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நஷ்டஈடு என்றால் கொடுக்க வேண்டிய கடன், வாங்குகிறவனுக்கு உரிமை. உதவி என்றால் கொடுக்கிறவன் மனசு, வாங்குகிறவன் தன் நிலைமையை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடல் யாருடைய சொத்தும் இல்லையே, பிறகு எதற்கு ஈடு என்பது அரசுப் பக்க நியாயம். நிலத்தை எடுத்தால் விலை உண்டு, தலைமுறை தலைமுறையாக வலை போட்ட தண்ணீரை எடுத்தால் உதவி மட்டும். இந்த வித்தியாசம் எந்த நாட்டுக் கடற்கரையிலும் இன்றுவரை தீரவில்லை.

அணை மூடியதும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது. ஐசல் ஆறு கொண்டுவந்த நல்ல தண்ணீர் நிரம்பியது. பெயரையும் 'ஐசல் ஏரி' என்று மாற்றிவிட்டார்கள். குஞ்சு பொரிக்க வசந்தத்தில் உள்ளே வந்துகொண்டிருந்த ஹெர்ரிங் மீனுக்கும் நெத்திலிக்கும் வாசல் அடைபட்டது. சில வருடங்களில் இரண்டும் இல்லாமல் போயின. ஏரியிலிருந்து கொசு மாதிரிப் பூச்சிகள் படை படையாகக் கிளம்பி ஊர்களை மூடின.

எல்லாரும் அழிந்துவிடவில்லை. உர்க் தீவுக்காரர்கள் விடவே இல்லை. தீவைச் சுற்றிக் கடல் வயலான பிறகும் பெரிய கப்பல் வாங்கி வட கடலுக்குப் போனார்கள். வோலண்டாமில் பலர் விலாங்குக்கு மாறினார்கள். அறுபதுகளில் அந்த ஊர்ப் பையன்கள் இசைக்குழு வைத்துப் புகழ் பெற்றபோது அந்தப் பாணிக்கே 'விலாங்கு இசை' என்று பெயர் வந்தது. ஆனால் விலாங்கும் சரிந்தது. 2008 முதல் ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.

மார்க்கனில் வேறு ஒன்று நடந்தது. வெள்ளப் பயம் போனதும் வீட்டின் கால்களுக்கு இடையே பலகை அடித்து மூடிக் கீழேயும் அறை ஆக்கிக்கொண்டார்கள். 1957-இல் கரையிலிருந்து சாலை போட்டார்கள், தீவு தீவாக இல்லாமல் போனது. அந்தச் சாலையே பெரிய திட்டத்தின் ஒரு துண்டுதான். மார்க்கனுக்குக் கிழக்கே இருக்கும் அகன்ற தண்ணீரையும் இறைத்து 'மார்க்கர்வார்ட்' என்ற வயல்வெளி ஆக்குவதாக இருந்தது. அதற்காக 1975 வாக்கில் எங்க்ஹாய்சனிலிருந்து லெலியின் பெயர் வைத்த லெலிஸ்டாட் நகரம் வரை இன்னொரு அணையும் கட்டி முடித்தார்கள். ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது. வயலுக்கு அவசரம் இல்லை, தண்ணீரும் பறவையும் வேண்டும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2003-இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அதனால்தான் மார்க்கனின் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் இன்றும் தண்ணீர் இருக்கிறது. கத்தரித் தோட்டம் இல்லை.

லெலியை வில்லனாக்குவதும் தப்பு. 1953-இல் வட கடல் பொங்கித் தென்மேற்கு நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அணைக்குப் பின்னால் இருந்த சாய்டர்சே ஊர்கள் தப்பின. 1916-இல் 16 பேரைப் புதைத்த மார்க்கன்காரனிடம் போய் அணை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, 1932-இல் வலையைச் சுருட்டியவனிடம் அணை நல்லது என்று சொல்லவும் முடியாது. பல வீட்டில் இரண்டும் ஒரே ஆளாக இருந்திருப்பார்.

இப்போது கணக்கைப் புரட்டினால், கைச்செலவுக்கு வந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது வரவுதான் முதல் வரவு. வோலண்டாம் கரையில் பழைய உடையை வாடகைக்குப் போட்டுப் படம் எடுத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. தொப்பி, மரக்காலணி, கையில் ஒரு மீன்கூடை, பின்னால் கடல் வரைந்த திரை. வெளியே வந்தால் ஏரி.

எங்க்ஹாய்சனில் 1983-இல் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். சாய்டர்சே ஊர்களிலிருந்து வீடுகள், கடைகள், மீன் புகை போடும் கொட்டகைகள் என நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள். சிலவற்றைப் பிரிக்காமல் முழுசாகவே மிதவையில் ஏற்றித் தண்ணீர் வழியாகக் கொண்டுவந்தார்கள். மார்க்கனின் பழைய துறைமுகத்தைப் போலவே ஒரு துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். மாலையில் பூட்டிவிடுவார்கள். பயணிகள் அந்த ஊருக்கும் படகில்தான் போகிறார்கள்.