கொலாஜன் ஆய்வும் பாலாற்றங்கரைத் தோல் தொழிலும்

திறவுச்சொற்கள்: கொலாஜன், முச்சுருள், தோல் பதனிடுதல், ஆம்பூர், பாலாறு

முன்னுரை

எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், தோல் ஆகியவற்றில் செல்களுக்கு வெளியே அமைந்து, திசுக்களுக்கு உறுதி தரும் முதன்மைப் புரதம் கொலாஜன். குருத்தெலும்பில் இதன் இரண்டாம் வகையும் தோலில் முதல் வகையும் மிகுந்துள்ளன. இப்புரதத்தின் வடிவம் சென்னையில் கண்டறியப்பட்டது அறிவியல் வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அவ்வரலாறு தோல் தொழிலின் வரலாற்றோடு இணைத்து நோக்கப்படுவது அரிது. இவ்விரண்டையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிலறிவில் கொலாஜன்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. சுண்ணாம்பிட்ட தோலிலிருந்து மயிரும், கொலாஜன் இழைகளுக்கு இடையிலுள்ள பிற புரதங்களும் சர்க்கரைச் சேர்மங்களும் நீங்குகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் வலையே. ஆவாரம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் அவ்வலையை இறுக்குகின்றன. பின்னர் பரவிய குரோமிய முறையில், குரோமியம் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு பிணைகிறது. இதனால் கொதிநீரையும் தாங்கும் தோல் கிடைக்கிறது. புரதத்தின் வடிவம் தெரியாத காலத்திலேயே அதன் இயல்பைக் கையாளும் திறனைத் தொழிலாளர் பெற்றிருந்தனர் என்பது இதனால் புலனாகிறது.

சென்னையில் கண்ட வடிவம்

1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952இல் ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். அவ்வாண்டு சென்னை வந்த ஜே. டி. பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத சிக்கல் என்று சுட்டினார். ஆய்வுக்குத் தேவையான கொலாஜன் மாதிரி தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்தது. கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படங்களும் ஆய்வுக்குத் துணைநின்றன.

கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதை அடிப்படையாகக் கொண்டு, இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் கொண்ட வடிவத்தை 1954இல் 'நேச்சர்' இதழில் முன்வைத்தனர். 1955இல் அது முறுக்கிய முச்சுருளாகத் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், அவ்வடிவில் சில அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்றும், மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே பொருந்தும் என்றும் வாதிட்டனர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற வினாவைத் தொடர்ந்த இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரின் ஆய்வு, 1963இல் 'இராமச்சந்திரன் வரைபடம்' தோன்ற வழிவகுத்தது. கொலாஜனைப் பற்றிய கருத்து வேறுபாடு, புரதங்கள் அனைத்துக்கும் பொருந்தும் அளவுகோலைத் தந்தது.

கழிவும் நீதியும்

பதனிடுதலில் கொலாஜன் தோலாகிறது. நீக்கப்பட்டவையும் பிணையாத உப்பு, குரோமியம் முதலியனவும் கழிவுநீரில் சேர்கின்றன. பாலாறும் நிலத்தடி நீரும் மாசடைந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 28.08.1996 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஏற்றதாக இல்லை என்ற ஆய்வுக் கணிப்பு அதில் இடம்பெற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் 'மாசுபடுத்துவோரே இழப்பீடு தர வேண்டும்' என்னும் கோட்பாடும் நாட்டின் சட்டத்தின் பகுதியென அத்தீர்ப்பு அறிவித்தது.

முடிவுரை

தொழிலுக்கென உருவான நிறுவனம் தந்த மாதிரி, அடிப்படை அறிவியலை வளர்த்தது. ஆயினும் அறிவியலின் பெருமையில் இடம்பெறாத ஆற்றங்கரை மக்களே தொழிலின் விலையைச் சுமந்தனர். முச்சுருளின் வரலாற்றை எழுதுவோர் பாலாற்றின் வரலாற்றையும் உடன் எழுதும்போதுதான் அது முழுமை பெறும்.